பதினேழாம் நம்பர் பை

"எங்க தோப்புல ஒண்ணும் இல்லன்னுதானே சார் வந்துருக்கு?"

அரியமுத்து இதைக் கேட்பது மூன்றாவது தடவை. கிருஷ்ணமூர்த்தி சார் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஜெயங்கொண்டத்து முகாம் ஆபீசில் மின்விசிறி ஓடியும் அரியமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது.

நாட்டில் இன்னும் கண்டுபிடிக்காத எரிவாயு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட வந்தவர் சார். வயலுக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு பை மண். அதைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்தால் பூமிக்கடியில் வாயு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். குழி வெட்டி, பையைக் கட்டி, நம்பர் ஒட்ட உள்ளூர் ஆளாக அரியமுத்துவைத்தான் வைத்திருந்தார். கூலி ஒழுங்காக வந்தது. தூக்கம்தான் வரவில்லை.

வாயு இருந்தால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று டீக்கடையில் ஆளாளுக்குப் பேசினார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. அரியமுத்துவின் மடியிலோ மூன்று ஏக்கர் முந்திரித் தோப்பு இருந்தது. அதை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. "தோப்பு போயிட்டா நம்ம வூட்டுல அடுப்பு எரியுமாங்க?" என்று இன்று காலையும் மனைவி கலியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் அனுப்பினாள்.

சார் ஒருவழியாக நிமிர்ந்தார். "நாப்பது பை சோதிச்சோம் அரியமுத்து. முப்பத்தொன்பதுல ஒண்ணுமே இல்ல."

"மிச்சம் ஒண்ணு?"

"பதினேழாம் நம்பர். உங்க தோப்புதான். இவ்வளவு வாயுவ என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. நாட்டுக்கே போட்டு வச்ச கணக்கு உங்க ஒரு பையால ஏறிடுச்சுன்னா பாருங்க. டெல்லிக்கு அனுப்பியாச்சு. முதல் கிணறு உங்க தோப்புலதான் தோண்டப் போறோம்."

சார் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அரியமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், போலீஸ் வரும். சொல்லாவிட்டால் தோப்பு போகும்.

தன் தோப்பு மண் எங்கே காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்து, அந்த ஒரு பையில் மட்டும், வீட்டுக் கொல்லையில் பத்து வருஷத்துச் சாணம் மக்கிய குப்பைக்குழியின் அடிமண்ணை அள்ளிக் கட்டியிருந்தான் அவன்.