கன்னங்கள் இருந்த இடம்

அழியவில்லை. உப்புத்தாளால் இவ்வளவு தேய்த்த பிறகும் ரெஹானாவின் முகம் அந்த அலுமினியத் தகட்டில் அப்படியே இருக்கிறது. என் தோழி ஜெசிந்தா நாளைய அறிவியல் கண்காட்சிக்குச் செய்த தகடு அது. நேராகப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் மட்டும் தெரியும். விளக்கடியில் திருப்பினால் அவற்றிலிருந்து ஒரு முகம் எழும். ஒரு வாரமாக அவள் உப்புத்தாளால் கீறக் கீற, தகட்டைப் பிடித்துக்கொண்டவள் நான். "இப்பத் திருப்பாதடி. எனக்கு ரொம்பப் பிடிச்ச மூஞ்சி, முடிச்சப்புறம் பாரு" என்று சிரிப்பாள். என் முகம் என்றே நினைத்திருந்தேன். இன்று அவள் சாப்பிடப் போன நேரத்தில் திருப்பினேன். போன மாதம்தான் எங்கள் வகுப்பில் சேர்ந்த ரெஹானா அதில் சிரித்தாள். தகட்டைப் படுக்கவைத்து, அந்தக் கன்னங்கள் இருந்த இடத்தை வெறியோடு தேய்த்தேன். "மேலேருந்து கீழயே இழு. குறுக்கே போச்சுன்னா மூஞ்சி செத்துரும்" என்று ஜெசிந்தா என்னைப் பழக்கியிருந்தாள். ஆத்திரத்திலும் கை அப்படியேதான் இழுத்திருக்கிறது. இப்போது திருப்பினால் கன்னங்கள் முன்பைவிடப் பளபளக்கின்றன. படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது. குறுக்கே ஒரு இழுப்புக்கு இன்னும் நேரமிருக்கிறது. இழுக்காவிட்டால், "யாருடி இவ்வளவு அழகா முடிச்சது?" என்று கேட்பாளே, நான் என்ன சொல்ல?