பதினோரு வருஷ மனோசக்தி

“இந்த இரும்பு உருண்டையைப் பார்வையாலேயே நகர்த்துவேன்” என்று மேடையில் மார்தட்டினான் வித்தைக்காரன்.

“சும்மா கிடக்கிற பொருள் யாராவது இழுத்தாத்தானே நகரும்? உங்களுக்கு யாரு இழுத்துத் தர்றாங்க?” என்று மேடையேறிக் கேட்டார் இயற்பியல் பேராசிரியர்.

“யார் தயவும் எனக்கு வேண்டாம் சார். எல்லாம் நான் ஒருத்தன்தான்.”

விளம்பரத்தில் தன் படத்தையும் போடச் சொன்ன மனைவிக்குக் காலையில் கிடைத்ததும் இதே பதில்தான். இப்போதும் அது அவள் காதில் விழுந்தது.

அவன் மேஜைமேல் இருந்த உருண்டையை முறைத்தான். அது அசையவில்லை. இருமினான். மேஜையைத் தட்டிவிட்டு மறுபடி இருமினான். வேர்த்துக் கொட்டியது.

“இழுக்க ஆள் வரலையா தம்பி?” என்றார் பேராசிரியர்.

மேஜைக்கடியில் பதினோரு வருஷமாகக் கூனிக் குறுகிக் காந்தம் பிடித்த மனைவி, அதைத் தரையில் போட்டுவிட்டு, கால்கள் இரண்டையும் மேஜைத்துணிக்கு வெளியே, சபை பார்க்க, சுகமாக நீட்டினாள்.