இருபத்திரண்டு வரி

மூன்றாம் வகுப்பின் கணினிப் பாடத்தில் அன்று ஒரே வேலைதான்: திரையில் பள்ளி வாசலில் நிற்கும் ரோபோவை வகுப்பறை வரை அழைத்து வரக் கட்டளைகள் எழுத வேண்டும். ரோபோ சொன்னதை மட்டுமே செய்யும். சிறந்த கட்டளைகள் பெற்றோர் கூட்ட அழைப்பிதழில் வழிகாட்டியாக அச்சாகும்.

“ஒன்பதே வரி, சபாஷ்!” என்று முதல் பெஞ்சுப் பையனைப் பாராட்டிய டீச்சர், ‘சில்வண்டு’ என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமியின் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“இருபத்திரண்டா? நூலகத்தைச் சுத்தி, மைதானத்தைச் சுத்தி... உன் ரோபோ என்ன, ஊர்வலமா போகுது?”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“இதையே அச்சடிங்க டீச்சர். எங்கம்மா முதல் தடவையா வர்றாங்க.”

“குறைச்சு எழுது, அச்சடிக்கிறேன்.”

“ஒரு வரிகூடக் குறைக்க முடியாது டீச்சர்.”

மணி அடித்துவிட்டது. ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. ஒன்பது வரிதான் அச்சானது. சில்வண்டு தன் கட்டளைகளை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

கூட்டத்தன்று எல்லாப் பெற்றோருக்கும் கடைசியாக அவள் அம்மா வந்து சேர்ந்தார். மடியில் அந்தத் தாள் இருந்தது.

“வழியில ஒரு படிகூட இல்ல டீச்சர்,” என்றார், சக்கர நாற்காலியை உள்ளே உருட்டியபடி. “பதினாலாவது வரியில மட்டும் ஒரு பிழை. அங்க சரளைக்கல்லுல சக்கரம் மாட்டிக்கிச்சு.”

“எத்தனாவது அடியிலம்மா?” என்று கேட்டுக்கொண்டே சில்வண்டு பென்சிலைத் தேடினாள்.

டீச்சர் தன்னுடையதை நீட்டினார்.