பட்டியலில் பிடுங்கப்பட்ட வேர்கள்

பல் மருத்துவமனையில் கட்டணப் பட்டியல் எழுதிய மங்கையர்க்கரசி எனக்கு முதன்முதலில் சொன்ன கதை இது.

ஒரு நோயாளியின் மேல்தாடையில் எஞ்சியிருந்த இரண்டு பல் வேர்களின்மீது அமர்ந்திருந்த புதுப் பல்செட் நடுங்கியது.

"அண்ணன்மாரே, பட்டியலில் என்னை, ஒரு பல்லும் இல்லாத தாடைக்கு வைக்கும் முழுப் பல்செட் என்ற குறியீட்டில் எழுதிவிட்டார்கள். உங்களைப் பிடுங்கியதாகக் காப்பீட்டுப் பணமும் வாங்கிவிட்டார்கள். இன்று காப்பீட்டு அதிகாரி வாயைப் பார்க்க வருகிறாராம்."

"வரட்டுமே, நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்?" என்றது மூத்த வேர்.

"அதுதானே ஆபத்து! அவர் வருவதற்குள் உங்களைப் பிடுங்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடுமே!"

வாய் திறந்தது. பல்செட்டைக் கழற்றினார்கள். குறடு நெருங்கியது.

"அண்ணா, என்னைப் பிடித்துக்கொள்!" என்று அலறியது இளைய வேர்.

"கையா இருக்கிறது, பிடிப்பதற்கு? எலும்பைப் பிடித்துக்கொள்ளடா!"

மருத்துவர் வேர்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு குறட்டை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துப் பட்டியலைத் திருத்தினார்.

பிடுங்காத இரண்டு பற்களுக்கு வாங்கிய ஆயிரத்து நானூறு ரூபாய் கடைசியில் திருப்பிச் செலுத்தப்பட்டது.