வெட்டாத பக்கம்

மாற்றுத்துணி எடுக்கத்தான் வந்திருந்தாள். கீழே காரில் இவள் பையோடு அக்கா காத்திருந்தாள்.

கதவைத் திறந்த கணவர், கிரீஸ் படிந்த லிஃப்ட் மெக்கானிக் சட்டையோடு ஒதுங்கி நின்றார்.

சண்டைக்குக் காரணம் என்ன என்று அக்கா எவ்வளவோ துருவிப் பார்த்துவிட்டாள். நாவல் என்று எப்படிச் சொல்வது? சிரிப்பாய்ச் சிரிப்பாள்.

பழைய ராஜா ராணிக் கதைகளில் மாயமந்திரம் கலந்து புதிதாக எழுதும் தடித்தடி நாவல்கள் என்றால் இருவருக்கும் உயிர். ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளம் வைத்துப் படிப்பார்கள். இவளுக்குச் சிவப்பு ரிப்பன், அவருக்குப் பழைய பஸ் டிக்கெட். முந்திப் படித்தவர் வாயைத் திறக்கக்கூடாது.

அவர் திறந்துவிட்டார். தளபதிதான் துரோகி என்று, சோற்றைப் பிசைந்துகொண்டே.

இதற்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? ஆனால் தெருவில் நடந்தால் பத்தடி முன்னால் போகிற மனுஷன், இவள் தட்டு வைப்பதற்குள் சாப்பிட்டுக் கை கழுவுகிற மனுஷன், கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் இவளுக்காக நின்றதில்லை. தளபதியோடு இவள் பொறுமையும் போய்விட்டது.

அன்றிரவு அந்த அத்தியாயத்தை மட்டும் முடித்து, ரிப்பனை வைத்துவிட்டு, காலையில் கிளம்பிவிட்டாள். கோபம் வேறு, அத்தியாயம் வேறு.

இப்போது புத்தகம் மேஜையில் கிடந்தது. பிரித்தாள்.

ரிப்பனும் டிக்கெட்டும் ஒரே பக்கத்தில் இருந்தன.

உடையப்போகும் ஏரிக்குள் ராணி இறங்கும் இடம். பழைய கதையில் அவள் திரும்புவதே இல்லை. இந்த நாவலில் அவள் முதுகில் அப்போதுதான் செதில் முளைக்கிறது. அந்த இடத்தில் நிறுத்த யாராலும் முடியாது.

அடுத்த தாளைத் திருப்பப் பார்த்தாள். திரும்பவில்லை. அச்சகத்தில் வெட்ட மறந்த தாள். மேல் ஓரம் ஒட்டியபடியே, கத்தி படாமல் இருந்தது.

இவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“நீ வந்து வெட்டுவேன்னு விட்டுட்டேன்,” என்றார். “ராணி மேல வருவாளா?”

“எனக்கென்ன தெரியும்? போய்க் கத்தியை எடுத்துட்டு வாங்க.”

கீழே ஹாரன் அடித்தது. ஜன்னலில் தலையை நீட்டி, நீ கிளம்பு என்று கையைக் காட்டினாள். உன் பையை மேலே கொண்டுவரட்டுமா என்று அக்கா கத்தினாள். வேண்டவே வேண்டாம் என்று இவள் பதறிக்கொண்டு கத்தினாள்.

அந்தப் பைக்குள் இதே நாவலின் இன்னொரு பிரதி இருந்தது. அக்கா வீட்டுக்குப் போகிற வழியிலேயே இவள் வாங்கி, அன்றைக்கே கடைசிப் பக்கம் வரை முடித்திருந்தாள்.

கணவர் தாளை நிதானமாக வெட்டி, முதல் வரியை உரக்கப் படித்தார்.

இவள் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.