மஞ்சள் பூசிய குஞ்சுகள்

குஞ்சு அவர் உள்ளங்கையில் கிடந்தது. மேல்மூச்சு வாங்கியது.

முதுகில் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. காக்கை கவ்விக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் போட்டிருந்தது. வெறுங்காலோடு முள்ளுக்குள் ஓடி எடுத்து வந்திருந்தார். காலில் ஏறிய முள்ளை இன்னும் பிடுங்கவில்லை.

காக்கையிடம் அவருக்குக் கோபம்கூட இல்லை. அது பகையாளி. பகையாளி செய்கிறதைச் செய்தது.

பஞ்சாரத்துக்குள் இருப்பவற்றிடம்தான் பயம்.

கவிழ்த்த கூடைக்குள் தாய்க்கோழி கேறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்ற குஞ்சுகள். கூடப் பிறந்தவைதான். சிவப்பைக் கண்டால் போதும். முதலில் ஒன்று கொத்தும். பிறகு எல்லாம் கொத்தும். புண் குழியாகும்வரை விடாது.

தனியாக வைத்தாலும் பிழைக்காது. தாய்ச்சூடு இல்லாமல் விடிவதற்குள் விறைத்துவிடும்.

அவர் மனைவி ராக்கு மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துக் கொண்டுவந்தாள். புண்ணில் தடிப்பாக அப்பினார். சிவப்பு மறைந்தது.

இப்போது குஞ்சு மஞ்சளாக இருந்தது.

அது ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது.

“உள்ள விடுங்க. பெத்ததுக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் ராக்கு.

அவர் விடவில்லை.

போன தடவையும் இதையேதான் சொன்னாள். கால் ஒடிந்த குஞ்சு ஒன்றுக்குத் துணி சுற்றி உள்ளே விட்டார்கள். இதே கோழிதான். துணியைப் பார்த்தது. மண்டையில் ஒரே கொத்து.

தாயாம்.

அவர் பஞ்சாரத்தை ஒரு பக்கம் தூக்கினார். கையை விட்டு ஒவ்வொரு குஞ்சாக வெளியே இழுத்தார். கருப்பு, சாம்பல், புள்ளி. எதையும் விடவில்லை. தலையிலிருந்து வால்வரை எல்லாவற்றுக்கும் மஞ்சள் அப்பினார்.

ராக்கு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“என்ன, மொத்தமாச் சடங்கு சுத்துறீகளா? பந்தலுக்குச் சொல்லிவிடட்டுமா?”

“வாய மூடுடி. கோழி மெரளுது.”

எல்லாவற்றையும் உள்ளே விட்டார். காயம்பட்டதை நடுவில் விட்டார். கூடையை இறக்கினார்.

எண்ணெயில் நனைந்து எல்லாமே சிறுத்துப் போயிருந்தன. எல்லாமே நடுங்கின.

கோழி கேறுவதை நிறுத்தியது.

ஒவ்வொன்றாகப் பார்த்தது. பின்னால் நகர்ந்தது. கூடையில் முதுகு இடிக்கும்வரை நகர்ந்தது. கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது.



ஒன்றை மறைக்க எல்லாவற்றையும் பூசியாகிவிட்டது. இப்போது அங்கே அதன் குஞ்சு என்று ஒன்றுகூட இல்லை.

முன்னால் போன குஞ்சைக் கோழி கொத்தியது. அது உருண்டு விழுந்து கத்தியது. மற்றவையும் கத்தத் தொடங்கின.

“தொடச்சு விடுங்க... அய்யோ, தொடச்சு விடுங்க.” ராக்குவின் குரலில் கேலி போய்விட்டது.

துடைத்தால் போகிற எண்ணெயா அது? உள்ளே கையை விட்டால் கோழி இன்னும் வெறி கொள்ளும். பேசாமல் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவருக்கு அதுதான் வராது.

கோழி அசையாமல் நின்றது. அந்தக் கத்தலைக் கேட்டபடியே நின்றது.

கழுத்து மயிர் மெல்லப் படிந்தது. தொண்டைக்குள் ஏதோ சொன்னது. இறக்கையை விரித்து உட்கார்ந்தது.

குஞ்சுகள் ஓடின. முண்டியடித்து அடியில் புகுந்தன.

அவர் மூச்சு விட்டார்.

ஒன்று வெளியே நின்றது.

கத்தவில்லை. ஓடவில்லை. கண்ணை மூடிமூடித் திறந்தது.

“அதுவா?” என்றாள் ராக்கு.

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள். மற்றவை போலவே மஞ்சள். பொழுது மங்கிவிட்டது. காக்கை தூக்கிய குஞ்சா, தாய் கொத்திய குஞ்சா, அவருக்கே தெரியவில்லை.

முதுகைத் தடவினால் தெரிந்துவிடும்.

பஞ்சாரத்துக்குள் கையை விட்டார். அடிவயிற்றில் விரல் கொடுத்துக் குஞ்சை ஏந்தினார். முதுகைத் தொடவில்லை. கோழியின் இறக்கைக்குள் தள்ளினார்.

“கைய எடுங்க. கொத்தப் போவுது.”

அவர் எடுக்கவில்லை.