மாமனார் ஸ்டாக் இல்லை

ஈரோட்டுப் பொருட்காட்சியில் குக்கர் விற்கும் சக்திவடிவேலின் தொண்டையில் கம்பெனி ஒரு விற்பனைக் குரலைப் பொருத்தியிருந்தது. கழற்றும் வசதி கிடையாது. அந்தக் குரலில் அவன் எதைச் சொன்னாலும் கேட்பவர்களுக்கு உடனே அது வேண்டும். “குப்பை வண்டி வந்திருச்சு” என்று ஒருநாள் அவன் சொல்ல, வண்டியையே வாங்கித் தரும்படி மனைவி அடம்பிடித்ததிலிருந்து வீட்டில் சைகைதான்.

மாமனார் நாச்சிமுத்து இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் மூத்த மாப்பிள்ளை பேசாவிட்டால் மரியாதையில்லை என்று உறவினர்கள் அவன் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்கள்.

“மாமா யாரையும் அதட்டிப் பேச மாட்டாருங்க. அத்தைக்குத் தலைவலின்னா அவரே காபி போட்டுக் குடுப்பாருங்க” என்று சம்பிரதாயத்துக்கு இரண்டு பொய் சொன்னான்.

கூட்டம் எழுந்து ஓடிவந்தது.

“எங்க வூட்டுக்கு ஒண்ணு புக் பண்ணுங்க தம்பி!”

“பழசைக் குடுத்தா எடுத்துக்குவீங்களா?” என்று ஒரு அம்மாள் தன் கணவரை முன்னால் தள்ளினார்.

“ஸ்டாக் இல்லீங்க” என்று அவன் கெஞ்ச, நெரிசல் இன்னும் கூடியது.

எல்லாரையும் விலக்கிக்கொண்டு மாமியார் வந்து நின்றார்.

“மாப்ள, அவரு மாதிரி வேண்டாங்க. நீங்க இப்பச் சொன்னீங்களே, அந்த மாதிரி ஒருத்தரு வந்தா எனக்கு எடுத்து வையுங்க.”